பச்சை கூடினால் தரை கறுக்கும், சூடும் கூடுமா?

கேட்டது இதுதான்: செயற்கைக்கோள் படங்களில் வறண்ட நாட்டு வெறும் மணல் வெளுப்பாகவும், செடிகொடி உள்ள இடம் கருமையாகவும் தெரிகிறது. கருமையான தரை வெயிலை அதிகம் வாங்கும், அதனால் அதிகம் சூடாக வேண்டும். ஆனால் மரம் வைத்தால் குளிரும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பாலைவன ஓரத்தில் பச்சை கூடினால் நிலம் சூடாகுமா, குளிருமா?

இரண்டும் நடக்கும். இது மழுப்பல் இல்லை. இரண்டுக்கும் கண்கூடான இடங்கள் இருக்கின்றன. 1974, 75-இல் இதே கேள்வியை வைத்து 'சயன்ஸ்' இதழில் விஞ்ஞானிகள் ஒருவருக்கொருவர் மறுப்பு எழுதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையைத் தெரிந்துகொண்டால் விஷயம் பாதி புரிந்துவிடும். அதற்கு முன் கொஞ்சம் கணக்கு.

மேகம் இல்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஏறத்தாழ 1000 வாட் வெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எவ்வளவு பங்கைத் தரை அப்படியே திருப்பி அனுப்புகிறதோ, அதுதான் எதிரொளிப்புத் திறன். ஆல்பிடோ என்றும் சொல்வார்கள். காய்ந்த வெளிர்மணலுக்கு இது 0.35 முதல் 0.45 வரை போகும். பச்சைப் பயிருக்கு 0.2-ஐ ஒட்டி இருக்கும், ஊசியிலைக் காட்டுக்கு 0.1-ஐ ஒட்டி. இலை ஏன் மணலைவிடக் கருமை என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை ஒளிச்சேர்க்கைக்காக அது விழுங்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் மட்டும் கிட்டத்தட்ட பாதியைத் திருப்பி எறிகிறது. செயற்கைக்கோள் பச்சையைக் கண்டுபிடிப்பதே இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். அப்புறம் நிழல். புதரின் அடியிலும் பக்கத்திலும் விழும் நிழல் மேலிருந்து பார்க்கும்போது இலையைவிடக் கருமை. செடி அடர்த்தி குறைந்த வறண்ட நிலத்தில், இலையின் நிறத்தைவிட இந்த நிழலும் இடையில் தெரியும் மண்ணும்தான் மொத்த எதிரொளிப்பைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

சரி, ஆல்பிடோ 0.4 உள்ள மணல் 600 வாட் வாங்குகிறது, 0.2 உள்ள பசும்பரப்பு 800 வாட் வாங்குகிறது. வரவில் 200 வாட் வித்தியாசம். கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த வரவோடு நின்றுவிடுகிறார்கள். செலவு எப்படிப் போகிறது என்பதில்தான் வெப்பநிலை இருக்கிறது. செலவுக்கு நான்கு வழி: தரை அகச்சிவப்புக் கதிராக வீசலாம், தொட்டுப் போகும் காற்றைச் சூடாக்கலாம், தண்ணீரை ஆவியாக்கலாம், கொஞ்சத்தை மண்ணுக்குள் கீழே இறக்கலாம். கடைசி வழி பகலில் சிறிய பங்கு. மற்ற மூன்றும்தான் ஆட்டம்.

இதில் ஆவியாதல் பொல்லாதது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 24.5 லட்சம் ஜூல் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்றால் 1 மி.மீ. நீர்மட்டம். ஒரு மணி நேரத்தில் வெறும் 0.3 மி.மீ. தண்ணீரை இலைகள் வெளியேற்றினால் சதுர மீட்டருக்கு 200 வாட் காலி. மேலே பார்த்த கூடுதல் வரவு முழுவதும் அதிலேயே அடைபட்டுப் போகிறது. நன்றாக நீர்பாய்ந்த வயல் நண்பகலில் இதைவிட அதிகமாகவே வெளியேற்றும். அதனால்தான் பாசன வயல் மணலைவிடக் கருமையாக இருந்தும் குளிர்ந்து கிடக்கிறது. ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய் பாயும் கங்காநகர், பிகானேர் பக்கத்து வயல்களையும் சுற்றியுள்ள தார் மணலையும் ஒரே வெப்பப் படத்தில் பார்த்தால் விளக்கமே தேவைப்படாது.

தண்ணீர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்த வழி மூடிக்கொள்ளும். தரை மற்ற இரண்டு வழிகளில் செலவழித்தாக வேண்டும், அதற்கு அது சூடாகித்தான் தீர வேண்டும். 40 டிகிரியில் இருக்கும் தரை சுமார் 540 வாட் அகச்சிவப்பை வீசுகிறது. 60 டிகிரியில் கிட்டத்தட்ட 700. வரவும் செலவும் சமமாகும் வரை வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். ஈரானின் லூத் பாலைவனத்தில் 2005-இல் செயற்கைக்கோள் கண்ட தரை வெப்பநிலை 70.7 டிகிரி. அங்கே ஒரு பகுதி கருங்கல் மூடிய நிலம். கருமை, செடி இல்லை, தண்ணீர் இல்லை என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம்.

இப்போது அந்தப் பழைய சண்டை.

1972-இல் அமெரிக்கா ஏவிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்களில் எகிப்தின் சினாய் பாலைவனத்துக்கும் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக்கும் நடுவே ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. 1949 போர்நிறுத்த ஒப்பந்தத்தில் வந்த எல்லை அது. மழை ஒன்றே, மணல் ஒன்றே, ஆனால் சினாய்ப் பக்கம் வெளுப்பு, நெகேவ் பக்கம் கருமை. சினாய்ப் பக்கம் ஆடும் ஒட்டகமும் மேய்ந்தன, புதர்களை விறகுக்குப் பிடுங்கினார்கள். நெகேவ் பக்கம் மேய்ச்சல் கட்டுப்பாட்டில் இருந்தது. ஜோசப் ஆட்டர்மன் என்ற ஆய்வாளர் 1974-இல் இதை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார்: மேய்ச்சலால் மொட்டையான வெளிர்மண் வெயிலை அதிகம் திருப்பி அனுப்புகிறது, எனவே பகலில் அது செடி உள்ள பக்கத்தைவிடக் குளிர்ச்சி. தரை குளிர்ந்தால் காற்று மேலெழும்புவது குறையும், மேகம் குறையும், மழை குறையும். ஆக மொட்டையடித்த நிலம் தன் மழையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. நம்மூர் வானிலை அறிக்கையில் 'வெப்பச்சலனம் காரணமாக மழை' என்று கேட்கிறோமே, அந்த வெப்பச்சலனம் பலவீனமாகும் என்பதுதான் அவர் வாதம்.

மறு ஆண்டே ஜூல் சார்னி இதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றார். வானிலையைக் கணினியில் கணிக்கும் துறையின் முன்னோடிகளில் ஒருவர் அவர். அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய வறட்சி சஹாராவின் தென்கரையான சாஹேலைக் கொன்றுகொண்டிருந்த நேரம். சார்னி கணினி மாதிரியில் அந்தப் பகுதியின் ஆல்பிடோவை 14 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாக மாற்றிப் பார்த்தார். மழைப்பட்டை பல டிகிரி அட்சரேகை தெற்கே நகர்ந்தது. சாஹேலின் மழை சுமார் 40 சதவீதம் குறைந்தது. இதற்குப் பின்னால் ஒரு விசித்திரமான உண்மை உண்டு. கொதிக்கும் கோடையிலும் சஹாரா, வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து பார்த்தால், வாங்குவதைவிட அதிகக் கதிர்வீச்சை விண்வெளிக்கு இழக்கிறது. வெளுத்த மணல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சூடான மணல் மேகமற்ற வானத்தின் ஊடாக அகச்சிவப்பையும் கொட்டுகிறது. இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட மேலிருந்து காற்று இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் உருவாகாது.

அழகான கருத்து. ஆனால் உடனே மறுப்பு வந்தது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இருந்த நீர்ப் பாதுகாப்பு ஆய்வகத்தைச் சேர்ந்த ஜாக்சனும் இட்சோவும், எங்கள் அளவீடுகளில் மொட்டை நிலம் செடி உள்ள நிலத்தைவிடச் சூடாக இருக்கிறதே, குளிர்ச்சி எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் வயல் மண்ணில் வேலை செய்பவர்கள். அங்குள்ள வண்டல் மண் ஈரமாக இருக்கும்போது ஆல்பிடோ 0.14, காய்ந்தால் 0.30 என்று அளந்தவர்கள். அந்த எண்களை நன்றாகக் கவனியுங்கள். ஈர மண் இரண்டு மடங்கு கருமை, வெயிலை அதிகம் வாங்குகிறது, இருந்தும் குளிர்ச்சி. அது காய்ந்து வெளுத்த பிறகுதான் கொதிக்கிறது. இன்னொருவர், ரிப்லி, சார்னியின் வாதம் ஆவியாதலைக் கணக்கில் எடுக்கவில்லை என்று சுட்டிக்காட்டினார். நியாயமான குறை. சார்னியின் குழுவே பிற்பாடு ஆவியாதலைச் சேர்த்து மாதிரியை ஓட்டிப் பார்த்தது.

ஜாக்சன், இட்சோ பக்கத்துக்குப் பின்னர் ஒரு வலுவான சாட்சி கிடைத்தது. அதுவும் ஓர் எல்லைக்கோடுதான். அமெரிக்காவின் அரிசோனாவும் மெக்சிகோவின் சொனோராவும் ஒரே பாலைவனத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 1934-இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கப் பொதுநிலங்களில் மேய்ச்சல் கட்டுப்பட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கடுமையான மேய்ச்சல் தொடர்ந்தது. 1990 வாக்கில் வந்த ஆய்வுகளின்படி மெக்சிகோ பக்கம் புல் குட்டை, வெற்று மண் அதிகம், எதிரொளிப்பும் தெளிவாக அதிகம். சினாய் போலவே. ஆட்டர்மன் சொன்னபடி அது குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கோடைப் பகலில் வெளுத்த மெக்சிகோ பக்கம்தான் சூடு.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மழைக்குப் பிந்தைய நாட்களின் கதை. கோடை இடிமழை பெய்து முடிந்ததும் இரண்டு பக்கமும் ஈரம். மேல்மண்ணிலிருந்து இரண்டு பக்கமும் நீர் ஆவியாகிறது. வித்தியாசம் பெரிதாக இல்லை. சுமார் மூன்று நாள் கழித்து மொட்டைப் பக்கத்தின் மேல்மண் காய்ந்துவிடுகிறது. கீழே ஈரம் இருந்தாலும் அதை மேலே கொண்டுவர ஆள் இல்லை. புல் உள்ள பக்கத்தில் வேர்கள் அந்த ஈரத்தை உறிஞ்சி இலைவழியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. அப்போதுதான் வெப்பநிலை பிரிந்து போகிறது. ஆக, அங்கே குளிர்ச்சி தந்தது பச்சை நிறம் இல்லை. மண்ணுக்குள் இருந்த ஈரமும், அதை வெளியே எடுக்கும் வேரும்தான்.

அப்படியானால் ஆட்டர்மன் தப்பா? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. பின்னாளில் செயற்கைக்கோள் வெப்பப் படங்களையும் கள அளவீடுகளையும் வைத்துப் பார்த்தபோது, சினாய்–நெகேவ் எல்லையில் கருமையான நெகேவ் பக்கம்தான் வறண்ட கோடையில் சில டிகிரி அதிகச் சூடு என்று தெரிந்தது. ஆட்டர்மன் சொன்ன திசைதான் சரி. சொனோராவில் நடந்ததற்கு நேர் எதிர்.

காரணம் என்ன? நெகேவ் பக்கத்தைக் கருமையாக்கியது பெரும்பாலும் புதர்களே இல்லை! அர்நோன் கர்னியேலி, ஹைம் த்சோர் இருவரும் 1995-இல் காட்டியது இது: மணற்குன்றுகளின் மேல் சில மில்லிமீட்டர் தடிப்பில் ஓர் உயிர்ப்பொருக்கு படிந்திருக்கிறது. சயனோபாக்டீரியா என்ற நீலப்பச்சை நுண்ணுயிர்களின் இழைகள் மணல்துகள்களை ஒட்டிப் பிடித்து உண்டாக்கும் மேல்தோல் அது. குளம்பு மிதித்தால் நொறுங்கிப் போகும். மேய்ச்சல் இல்லாத பக்கத்தில் அது நிலத்தின் பெரும்பகுதியை மூடிவிட்டது. மேய்ச்சல் உள்ள பக்கத்தில் உடைந்து உடைந்து வெள்ளை மணல் வெளியே தெரிகிறது. காய்ந்த பொருக்கு பார்க்க அழுக்கு மணல் போல இருக்கும். அதன்மேல் தண்ணீரைத் தெளித்தால் சில நிமிடங்களில் பச்சை தட்டும். ஈரமான நேரத்தில் செயற்கைக்கோளின் பசுமைக் குறியீடு (பச்சை கூடக்கூட 1-ஐ நோக்கி ஏறும் எண்) 0.3 வரைகூட ஏறி, அங்கே நல்ல புல்வெளி இருப்பதாக ஏமாற்றக்கூடும்.

இந்தப் பொருக்கு கருமை தருகிறது. கீழே இருந்து நீரை இழுக்கும் வேர் இல்லை. நிழல் தர உயரம் இல்லை. காற்றைக் கலக்க மேடுபள்ளம் இல்லை. வரவு கூடியது, செலவுக்குப் புதுவழி எதுவும் திறக்கவில்லை. சூடாகாமல் என்ன செய்யும்? எனவே 'செடிகொடி' என்று ஒரே சொல்லில் அடைத்துக் கேட்டால் பதில் வராது. புல், புதர், மரம், பொருக்கு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

மரத்துக்கு வருவோம். நெகேவின் வடக்கு விளிம்பில் யாத்திர் என்ற காடு இருக்கிறது. 1960-களின் நடுவில் நடத் தொடங்கியது; பெரும்பாலும் அலெப்போ பைன். ஆண்டு மழை 280 மி.மீ. அளவுதான், அதுவும் குளிர்காலத்தில் மட்டும். அங்கே கோபுரம் நட்டு ஆண்டுக்கணக்கில் அளந்த ஏயால் ரோட்டன்பர்க், டான் யாக்கிர் இருவரும் 2010-இல் வெளியிட்ட முடிவு என் பார்வையில் இந்தத் துறையின் மிக அருமையான ஆய்வுகளில் ஒன்று. காட்டின் எதிரொளிப்பு சுற்றியுள்ள புதர்நிலத்தைவிட 0.1 குறைவு. அதனால் ஆண்டுச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 24 வாட் கூடுதலாக வாங்குகிறது. கோடையில் வேருக்கு எட்டும் தண்ணீர் தீர்ந்துவிடும். இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியே கிடக்கும். ஆவியாதல் பெரிதாக உதவாது. பொருக்கு போலவே சூடாகியிருக்க வேண்டும். ஆனால் காட்டின் மேற்பரப்பு சுற்றுப்புறத்தைவிட 5 டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி!

இதற்குக் காரணம் கரடுமுரடு. வழவழப்பான மணல்மேல் காற்று வழுக்கிக்கொண்டு போகிறது. வெப்பத்தை அதிகம் எடுத்துச் செல்வதில்லை. அடர்த்தி குறைவாக, இடைவெளி விட்டு நிற்கும் மரங்களுக்குள் காற்று புகுந்து சுழல்கிறது. ஊசி ஊசியாக இருக்கும் இலைகள், மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் தகடுகளைப் போல, பெரிய மொத்தப் பரப்பைக் காற்றுக்குக் காட்டுகின்றன. வாங்கிய வெப்பம் உடனுக்குடன் காற்றுக்குப் போய்விடுகிறது. தரை குளிர்ந்து இருப்பதற்கு விலை அந்தக் காற்றுதான் கொடுக்கிறது.

இதன் பின்விளைவைப் பாருங்கள். மேற்பரப்பு குளிர்ந்ததால் அது வீசும் அகச்சிவப்பும் குறைந்தது. இன்னொரு 25 வாட் வெளியே போகாமல் தங்கிவிட்டது. ஆக மொத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 வாட் கூடுதல் ஆற்றல் அந்த இடத்தில் தங்கி, காற்றைச் சூடாக்கப் போகிறது. நிழலில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர்ச்சி. வெப்பப் படத்திலும் குளிர்ச்சி. ஆனால் பூமியின் மொத்தக் கணக்கில் அந்த நிலம் முன்பைவிட அதிகச் சூடேற்றி. மரம் உறிஞ்சும் கரியமில வாயுவின் பலன் இதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பாலைவனத்தில் கோடிக்கணக்கில் மரம் நட்டுப் பூமியைக் குளிர வைக்கலாம் என்று பேசுபவர்கள் இந்த எண்களை முதலில் படிக்க வேண்டும்.

ஆட்டர்மனின் கருத்தையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்க்கலாம். அவர் 'தரை எவ்வளவு சூடு' என்பதை வைத்து 'காற்று எவ்வளவு எழும்பும்' என்று ஊகித்தார். யாத்திரில் தரை குளிர்ச்சி, ஆனாலும் காற்றுக்குப் போகும் வெப்பம் அதிகம், காட்டின் மேல் காற்று அதிக உயரம் எழும்புகிறது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. அந்தக் காலத்துச் சண்டையில் இரண்டு தரப்பும் தரை வெப்பநிலையையே பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றது, இப்போது பார்த்தால், கொஞ்சம் வீண் வேலை.

செடிகளே தங்கள் எதிரொளிப்பை மாற்றிக்கொள்வதும் உண்டு. இது கிளைக்கதைதான், ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. சொனோரா பாலைவனத்தில் எங்கும் காணப்படும் என்சீலியா ஃபாரினோசா என்ற புதர் மழைக்காலத்தில் பச்சை இலைகள் விடும். அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 80 சதவீதம் அளவுக்கு உள்வாங்கும். வறட்சி முற்ற முற்ற அது விடும் புது இலைகளில் வெள்ளை மயிர் அடர்ந்துகொண்டே வரும். கடைசியில் உள்வாங்குவது 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். நீரை விட்டுக் குளிர முடியாதபோது வெளுத்துக் குளிர்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த எருக்கின் இலையில் படிந்திருக்கும் வெண்பூச்சையும் நினைத்துக்கொள்ளுங்கள். எருக்கு இனமும் சாஹேல் முதல் சினாய், தார் வரை பரந்து கிடப்பதுதான். எனவே 'செடி என்றால் கருமை' என்பதும் எப்போதும் சரி இல்லை.

சாஹேல் விஷயத்தை அரைகுறையாக விட்டுவிட்டேன். இன்றைய புரிதல்படி அந்த வறட்சியைத் தொடக்கிவைத்தது மேய்ச்சல் இல்லை. கடல்களின் மேற்பரப்பு வெப்பநிலையில் வந்த மாற்றம். 2003-இல் அலெசாண்ட்ரா ஜியானினி குழுவினர் கடல் வெப்பநிலைப் பதிவுகளை மட்டும் மாதிரியில் கொடுத்தே சாஹேல் மழையின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதும் வரவழைத்துக் காட்டினார்கள். நிலமும் செடியும் செய்தது, வந்த வறட்சியைப் பெருக்கியதும் இழுத்து நீட்டியதும். ஆடு மேய்த்தவர்கள் தலையில் மொத்தப் பழியையும் போட்டது அநியாயம் என்றே சொல்வேன். ஆனால் சார்னி கண்ட பின்னூட்டம், அதாவது செடி குறைய மழை குறைவதும் மழை குறையச் செடி மேலும் குறைவதும், செத்துப் போகவில்லை. 11,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் சஹாரா பச்சையாக இருந்ததை, பூமியின் சுற்றுப்பாதை மாற்றத்தை மட்டும் வைத்து மாதிரிகளால் முழுதாக விளக்க முடிவதில்லை. செடிகள் மணலைக் கருமையாக்கி மேலும் மழையை இழுத்ததையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2018-இல் வந்த ஒரு மாதிரி ஆய்வில், சஹாரா முழுக்கச் சூரியத்தகடும் காற்றாலையும் பரப்பினால் மழை கூடும் என்று வந்ததும் இதே தர்க்கத்தில்தான்: தகடு தரையைக் கருமையாக்குகிறது, காற்றாலை கரடுமுரடாக்குகிறது.

நைஜரின் தெற்கில் மராடி, ஸின்டர் பகுதிகளில் உழவர்கள் புதுக்கன்று நடாமல், வெட்டுப்பட்ட பழைய மரங்களின் அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதைக் காத்து வளர்த்து லட்சக்கணக்கான ஹெக்டேரில் மரங்களை மீட்டார்கள். 1980-களில் தொடங்கியது. அங்கே முக்கியமான மரம் ஃபைதர்பியா அல்பிடா. மழைக்காலத்தில் இலையுதிர்த்து, வறண்ட காலத்தில் தழைக்கும். அதாவது பயிர் வளரும்போது வெயிலை மறிக்காது. நிலம் வெந்து கிடக்கும் மாதங்களில் ஆழத்து நீரை எடுத்து நிழலும் ஆவியும் தரும். எந்தப் பச்சை, எந்த மாதத்தில், எந்த ஆழத்துத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எதிரொளிப்பே வென்ற இடமும் உண்டு. தென் ஸ்பெயினின் அல்மெரியா வறண்ட கடற்கரையில் பல்லாயிரம் ஹெக்டேருக்குப் பிளாஸ்டிக் பசுங்குடில்கள் போட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் கூரைமேல் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள். முன்பு அங்கே இருந்தது கருமையான புதர்மேய்ச்சல் நிலம். 1983 முதல் 2006 வரையிலான பதிவில் சுற்றுப்பகுதி சூடாகிக்கொண்டிருக்க, பசுங்குடில் பகுதி மட்டும் பத்தாண்டுக்கு 0.3 டிகிரி என்ற கணக்கில் குளிர்ந்தது. செடி உள்ளே இருக்கிறது, வானத்துக்குத் தெரிவது வெள்ளைக்கூரை.

இதைப் படிப்பவர்கள் அடுத்து எங்கே வருவார்கள் என்று தெரியும்: சீமைக் கருவேலம். அது வெப்பத்தைக் கூட்டுகிறது, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது என்று தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்படுகிறது. 2017-இல் நீதிமன்ற உத்தரவு வரை போனது. இலைவழியே நீரை வெளியே விடும் மரம் காற்றின் ஈரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. மொட்டை வெளியோடு ஒப்பிட்டால், நீர் கிடைக்கும் வரை அதன் மேற்பரப்பு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். அதன்மேல் சுமத்த வேண்டிய நியாயமான குற்றச்சாட்டு தண்ணீர். அரிசோனாவின் டூசான் அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், அதே பேரினத்து மரத்தின் வேரைத் தரைக்குக் கீழே 53 மீட்டரில் கண்டிருக்கிறார்கள். கோடையிலும் பச்சையாக நிற்கும் மரம் அந்தக் குளிர்ச்சிக்கான நீரை எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும். குளத்தில் நின்றால் குளத்து நீர், வயலோரம் நின்றால் நிலத்தடி நீர். வெட்டுவதா வைப்பதா என்பதை அந்தந்த இடத்தின் நீர்க்கணக்கை வைத்துத்தான் பேச வேண்டும்.

கடைசியாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து நீங்களே பார்க்க நினைத்தால் சில எச்சரிக்கைகள். வெப்பப் படம் காட்டுவது தரையின் தோல் வெப்பநிலை. வானிலை நிலையம் சொல்வது தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில், நிழலில் இருக்கும் காற்றின் வெப்பநிலை. பாலைவன நண்பகலில் இரண்டுக்கும் 20 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரும். யாத்திரில் பார்த்ததுபோல இரண்டும் எதிர்த்திசையில் போகவும் செய்யும். அடுத்தது, கதிர்வீசும் திறன். ஒரு பொருள் தன் வெப்பநிலைக்கு அதிகபட்சமாக வீசக்கூடிய அகச்சிவப்பில் எவ்வளவு பங்கை உண்மையில் வீசுகிறது என்பது அது. பச்சை இலை வெப்ப அகச்சிவப்பில் 0.98 என்ற அளவில் கிட்டத்தட்ட முழுமையாக வீசும். குவார்ட்ஸ் மணல் சில அலைநீளங்களில் 0.8-க்குக் கீழேகூடப் போகும். இதைத் திருத்தாமல் கணக்கிட்டால் மணல் இருப்பதைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாகத் தெரியும். நீங்கள் தேடும் வித்தியாசமே சில டிகிரிதான் என்பதால், இந்தத் தவறு முடிவையே புரட்டிப் போட்டுவிடும்.

ஒரே ஒரு கோடைப் படத்தை எடுத்து, பசுமைக் குறியீட்டையும் வெப்பநிலையையும் வரைபடமாக்கி ஒரு கோடு இழுத்து முடித்துவிடாதீர்கள். மழை பெய்த மறுநாள், ஒரு வாரம் கழித்து, வறட்சியின் உச்சத்தில் என்று ஒரே இடத்துக்கு மூன்று படமாவது எடுங்கள். லேண்ட்சாட் காலை 10 மணி வாக்கில் கடப்பது. உச்ச வெப்பத்தைப் பார்க்காது. பகல் 1.30, இரவு 1.30 வாக்கில் கடக்கும் சுவோமி என்பிபி போன்ற செயற்கைக்கோள்களின் தரவில் நுணுக்கம் குறைவு, ஆனால் இரவுப் படமும் கிடைக்கும். அதை விட்டுவிடாதீர்கள். பகலில் கொதித்த காய்ந்த மணல் இரவில் வேகமாக ஆறி, பக்கத்து மரக்கூட்டத்தைவிடக் குளிர்ந்து கிடப்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். பகல் படத்தை மட்டும் வைத்துச் சொன்ன 'மரம் குளிர்விக்கிறது' என்ற முடிவு, இருபத்துநான்கு மணி நேரச் சராசரியில் பாதியாகச் சுருங்கிவிடக்கூடும்.